தெரியாது சார்

கிழக்குத் தாம்பரம்
26 மே 2025

தனக்கோடி அவர்களுக்கு,

நேற்றுத் தொலைபேசியை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுபத்தாறு வயதில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் என்னிடம் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

நாம் கல்லூரியில் ஒரே துறையில் வேலை பார்த்த காலத்திலிருந்து உங்களை நீ என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இன்று நீங்கள் என்று எழுதுகிறேன். கோபம் வந்தால் மரியாதையைக் குறைப்பவள் அல்ல நான். கூட்டுகிறவள்.

நீங்கள் கத்தியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பி.எஸ்சி. முடிக்கும் தேவதர்ஷினிக்கு பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனத்தில் முதுகலையும் சேர்ந்த இன்டகிரேட்டட் பிஎச்.டி. இடம் கிடைக்கவில்லை. எழுத்துத் தேர்வில் முன்னணியில் வந்தவள் நேர்முகத் தேர்வில் விழுந்துவிட்டாள். அதற்குக் காரணம் நான். "நீங்கதான் மேடம் அந்தப் பொண்ணைக் கெடுத்தீங்க." இதே வார்த்தைகள்.

ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் நம் வகுப்பு நடக்கிறது. பட்டியல் சாதி, இருளர், மீனவர் வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளை உயிரியல் ஆராய்ச்சிக்குத் தயார் செய்ய வேண்டும் என்பது உங்கள் யோசனை. இடம் என்னுடையது. என் கணவரின் பல் மருத்துவமனையாக இருந்த அறை அது. மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துவது என் பொறுப்பு. பிள்ளைகள் அந்த அறைக்குப் "பல் புடுங்குற ரூம்" என்று பெயர் வைத்திருப்பதும், "இன்னிக்கு யாருக்குடி பல்லு?" என்று வாசலில் கேட்டுச் சிரிப்பதும் எனக்குத் தெரியும். நான் செவிடு இல்லை.

நான் எதைக் கெடுத்தேன் என்று எழுத்தில் தாருங்கள். வாயால் வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால், "உங்க மைதானத்துக்கு என்னைக் கூப்பிடறீங்க" என்பீர்கள்.

ஜோசலின் தனசிங்


முடிச்சூர்
28 மே 2025

மேடத்துக்கு,

கத்தியது உண்மை. அதற்காக நான் வருந்தவில்லை. 2015 வெள்ளத்தில் என் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்றபோது என்னையும் என் அம்மாவையும் மாடியில் தங்கவைத்துச் சோறு போட்டவர் நீங்கள். அந்த நன்றி இருப்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இல்லாவிட்டால் வாசலுக்கு வந்து கத்தியிருப்பேன்.

பெங்களூருக்கு நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். அறைக்குள் ஐந்து பேர். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அவள் ரயிலில் சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதுகிறேன்.

முதலில் பாடப்புத்தகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லியிருக்கிறாள். அப்புறம் ஒருவர் அவளுடைய முகவரியைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கரணையா? சதுப்பு நிலத்துக்குப் பக்கத்திலா? சரி, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து ஆய்வகத் தட்டில் விட்டால் அதில் இருக்கும் பாக்டீரியாக்களில் கொஞ்சம்தான் வளரும். மற்றவை ஏன் வளர்வதில்லை?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரியாது சார்."

"யோசித்துப் பார்."

"தெரியாது சார்."

"சரி, கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் என்ன செய்வாய்?"

"தெரியாது சார்."

அவ்வளவுதான். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரயில் ஜோலார்பேட்டை தாண்டியது. அப்புறம் சொன்னாள். "எனக்குத் தோணுச்சு மேடம். சில பாக்டீரியாவுக்குப் பக்கத்துல வேற பாக்டீரியா இருந்தாத்தான் வளர முடியுமோ, தட்டுல தனியா மாட்டிக்கிட்டா வளராதோன்னு. ஆனா அது கெஸ்ஸுதானே? ஜோசலின் மேடம் கெஸ் பண்ணக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

மேடம், அந்தக் கேள்விக்கு முழுப் பதில் அந்த ஐந்து பேருக்கே தெரியாது. ஆனால் இருக்கும் நல்ல பதில்களில் அவளுடையதும் ஒன்று. அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஏன்? ஊகிப்பது பொய்யின் தங்கை என்று நீங்கள் கற்பித்தீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி வாயை மூடு என்று சனிக்கிழமைதோறும் உங்களுக்கு எதிர் நாற்காலியில் உட்காரவைத்துப் பழக்கினீர்கள். யாராவது "மேபி" என்று ஆரம்பித்தால் மேசையைத் தட்டுவீர்கள். நல்ல பிள்ளை, கற்றதைச் செய்தாள்.

அவளுக்கு அடுத்து உள்ளே போன பையன் பெயர் பத்ரி. அப்பா அம்மா இரண்டு பேரும் விஞ்ஞானிகள். வெளியே வந்து இவளிடம் சொன்னானாம். "எனக்கும் அதே கேள்விதான், ஒண்ணும் தெரியல. சும்மா அடிச்சு விட்டேன். நான் பேசப் பேச அவங்களே எடுத்துக் கொடுத்தாங்க." அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. நல்ல பையன்தான், அவன் மீது எனக்குக் கோபமில்லை. அவன் வீட்டில் சாப்பாட்டு வேளையில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். தப்பாகச் சொல்வான், அப்பா சிரிப்பார், மறுபடி சொல்வான். நானும் அவளும் பிறந்த வீடுகளில் தப்பாகச் சொன்னால் யாரும் சிரித்துவிட்டு விடமாட்டார்கள். தப்பாகச் சொல்லிப் பார்ப்பதைப் பழக்கத்தான் உங்கள் அறைக்கு அனுப்புகிறோம்.

நீங்கள் தெரியாது என்று சொன்னால் அதை அடக்கம் என்பார்கள், மேடம். நாங்கள் சொன்னால், "பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னோம்" என்பார்கள். ஒரே வார்த்தைதான். இது உங்களுக்கு இத்தனை வருடத்தில் தெரியவில்லை என்பதுதான் என்னைக் கத்தவைத்தது.

இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஜூன் 16, ஹைதராபாத். அதுவும் போனால் ஜூலையில் மேடவாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். அவளுடைய அப்பா சம்பத் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "டிகிரி முடிக்கறவரைக்கும் டைம் குடுத்தேன், இதுக்கு மேல முடியாதும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தங்கை ஒருத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு நிற்கிறாள்.

ஹைதராபாத் முடியும்வரை நீங்கள் மாதிரி நேர்முகம் நடத்த வேண்டாம். இது வேண்டுகோள் இல்லை.

தனக்கோடி


கிழக்குத் தாம்பரம்
30 மே 2025

தனக்கோடி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கேட்டில் உள்ள பெட்டியில் கிடந்தது. உங்கள் ஸ்கூட்டர் சத்தத்தை நான் மேலேயிருந்து கேட்டேன். மணியை அடிக்காமல் போய்விட்டீர்கள். தபால்காரர்கூட மணி அடிப்பார்.

என் அறையில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு உத்தரவு போடுகிறீர்கள். சரி. முதலில் என் பதிலைக் கேளுங்கள்.

கான்வென்டில் மதர் ஃபிலோமினா ஊகித்துப் பதில் சொன்ன பெண்களை ஜெபக்கூடத்துச் சிமென்ட் தரையில் முழங்கால் போடவைப்பார். சொன்னது சரியாக இருந்தாலும் முழங்கால்தான். "சரியாக வந்தது உன் அதிர்ஷ்டம், அறிவு இல்லை" என்பார். அந்தத் தரையில்தான் நான் விஞ்ஞானம் கற்றேன். முப்பத்தெட்டு வருடம் பாடம் நடத்தினேன். அடித்துவிடுகிறவர்களை எண்ணிக்கையில்லாமல் பார்த்தேன். அவர்கள் நேர்முகத்தில் அடித்துவிடுவார்கள், அப்புறம் ஆய்வுக் கட்டுரையில் அடித்துவிடுவார்கள், அப்புறம் துறைத் தலைவர்களாகி மற்றவர்களை அடிப்பார்கள். அந்த வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேரைச் சேர்ப்பதற்காகவா நான் என் சனிக்கிழமைகளைக் கொடுத்தேன்?

பத்ரி பொய் சொன்னான், பரிசு வாங்கினான். தேவதர்ஷினி உண்மை சொன்னாள், வெளியே அனுப்பப்பட்டாள். இதைக் கேட்டதும் உங்களுக்கு என் மீது கோபம் வருகிறது! எனக்கு அந்த ஐந்து பேர் மீது வருகிறது. திருத்த வேண்டியது அவளையா, அவர்களையா?

என் தவறு என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. போன திங்கட்கிழமையே, உங்களுக்கு எழுதிய கையோடு, பெங்களூர் நிறுவன இயக்குநருக்கு மூன்று பக்கம் எழுதி சேலையூர் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்டில் சேர்த்துவிட்டேன். தேவதர்ஷினியின் முகவரியையும் சாதிச் சான்றிதழையும் அப்பாவின் தொழிலையும் பார்த்த உடனேயே குழு முடிவு கட்டிவிட்டது, கேள்வி கேட்டது வெறும் சடங்கு என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். ஒரு பிரதியை ஹைதராபாத் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். அங்கே ஒரு பேராசிரியர் என்னை ஒரு கருத்தரங்கில் சந்தித்தவர். அவர்களாவது எச்சரிக்கையாக இருக்கட்டும்.

இந்தப் பிள்ளைகளுக்காக யாராவது தலை நிமிர்ந்து பேச வேண்டும். நான் பேசிவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பு வழக்கம்போல நடக்கும்.

ஜோசலின் தனசிங்


முடிச்சூர்
3 ஜூன் 2025

மேடம்,

ஹைதராபாத்துக்குப் பிரதி அனுப்பினீர்களா? ஹைதராபாத்துக்கா?

நேற்று அந்த அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. விண்ணப்பத்தில் வகுப்பின் ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயர் இருக்கிறது. மிக மரியாதையாகப் பேசினார்கள். "மாணவிக்கு எங்கள் மீது நம்பிக்கை இல்லையென்றால் வற்புறுத்த மாட்டோம்" என்றார்கள். உங்கள் மூன்று பக்கத்தையும் எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். படித்தேன். ஆங்கிலம் மிக அழகாக இருந்தது.

தேவதர்ஷினியிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. பெயர் அவளுடையது, முகவரி அவளுடையது, தொழில் அவள் அப்பாவுடையது. படித்துவிட்டு ஒரு வார்த்தைதான் கேட்டாள். "இதுல என் கையெழுத்து எங்க மேடம்?"

இப்போது அவள் அந்த அறைக்குள் எழுத்துத் தேர்வில் முன்னணியில் வந்தவளாகப் போக முடியாது. புகார் கொடுத்த பெண்ணாகத்தான் போக முடியும். போக மாட்டேன் என்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குச் சீருடை அளவு கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

நான் பணியில் சேர்ந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்காது. இரண்டாமாண்டு வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தீர்கள். நான் ஒரு வார்த்தையைத் தப்பாக உச்சரித்ததும் எழுந்து நின்று திருத்தினீர்கள். அறுபது மாணவிகள். எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தீர்கள். அன்றும் என்னைக் கேட்கவில்லை, இன்றும் அவளைக் கேட்கவில்லை. எங்களுக்காகச் சண்டை போடுவீர்கள், உயிரைக்கூடக் கொடுப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களைக் கேட்க மட்டும் மாட்டீர்கள்.

இந்தச் சனிக்கிழமை முதல் வகுப்பு என் வீட்டு மொட்டை மாடியில். தகரக் கொட்டகைதான், வெயில் இறங்கும். ஆனால் யாரும் மேசையைத் தட்ட மாட்டார்கள். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

தனக்கோடி


கிழக்குத் தாம்பரம்
8 ஜூன் 2025

தனக்கோடி அவர்களுக்கு,

நேற்று ஒருவரும் வரவில்லை. நாற்காலிகளைத் துடைத்து வைத்திருந்தேன். பத்தரை மணிக்கு அறையைப் பூட்டினேன். ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பள்ளிக்கரணையில் தேவதர்ஷினி வீட்டுக்குப் போனேன். முடிச்சூருக்கு வரவில்லை. உங்கள் மாடியில் என் இடம் எது என்று எனக்குத் தெரியாது.

போனதை நானே எழுதிவிடுகிறேன். அவள் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேளுங்கள்.

அவளுடைய அம்மா வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "இன்னா மேடம், இந்த வெயில்ல இம்மாந்தூரம்! வூட்டுக்குள்ள வாங்க, ஃபேனாண்ட குந்துங்க." சம்பத் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். தேவதர்ஷினி எழவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே, "வாங்க மேடம்" என்றாள். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதை உட்கார்ந்தபடியே எட்டி, எனக்காக அறையின் நடுவில், தனக்கு எதிரே இழுத்துப் போட்டாள்.

"நான் உன்னை ஹைதராபாத்துக்குப் போகச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றேன்.

"இருங்க மேடம். முதல்ல நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க."

"என்ன கேட்கப் போகிறாய்?"

"பல்லு புடுங்கப் போறேன்."

அவளுடைய அப்பா, "ஏய், மேடம்கிட்ட இன்னா பேச்சு இது" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள். "எங்க வீட்டுக்குப் பின்னாடி சதுப்புல ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு. ஆனா குப்பை மேட்டுப் பக்கம் மட்டும் ஒரு பட்டை முழுக்க ஒண்ணுகூட வளரலை. ஏன்?"

நான் உயிரியல் படித்தவள். ஆனால் அந்த இடத்தை நான் பார்த்ததில்லை, அந்தத் தண்ணீரைச் சோதித்ததில்லை. ஆகவே சரியானதைச் சொன்னேன். "தெரியாது."

ஃபேன் சுற்றியது. அம்மா என்னைப் பார்த்தாள், அப்பா என்னைப் பார்த்தார், கதவோரம் தங்கைக்காரி பார்த்தாள். அவ்வளவு நேரம் நான் யாருக்கும் முன்னால் வாயடைத்து உட்கார்ந்ததே இல்லை. அப்புறம் அவள் கேட்டாள். "அவ்ளோதானா மேடம்?"

அந்த "அவ்ளோதானா" இருக்கிறதே, அதை நான் கான்வென்டில் கேட்டதில்லை. முழங்கால் போட்டால் வலிக்கும், எழுந்தால் முடிந்துவிடும். இது அப்படி முடியவில்லை. நான் பேராசிரியர் ஜோசலின் தனசிங் என்பது அந்த அறையில் யாருக்கும் பயன்படவில்லை, எனக்கும்கூட.

கோபத்தில்தான் வாய் திறந்தேன். "குப்பையிலிருந்து கசிகிற தண்ணீரில் உப்பு அதிகமாக இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாமா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் எடுத்து அளப்பேன்."

"உப்பு சமமா இருந்தா?"

"அப்படியென்றால் உலோகம் ஏதாவது."

"எது?"

"தெரியாது. ஈயமாக இருக்கலாம். இரு. நல்ல தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, எந்த அளவில் செடி வாடுகிறது என்று வாளிகளில் வைத்துப் பார்க்க வேண்டும்."

"வாளியில வேர் பரவுற மாதிரியா சதுப்புல பரவுது?"

எனக்கு வியர்த்துவிட்டது. சம்பத் சிரித்துவிட்டார். "இன்னா மேடம், ப்ரொஃபசரையே பேஜார் பண்ணிட்டா எம்பொண்ணு!" அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"சரி, ஏன் வளரவில்லை? சொல்" என்றேன்.

"எனக்கும் தெரியாது மேடம். அதுக்குத்தான் பிஎச்.டி. பண்ணணும்னு நெனச்சேன்."

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நீங்க எழுதின லெட்டர்ல என் பேரு பன்னெண்டு தடவை இருக்கு. ஒரு தடவைகூட என்னைக் கேக்கல. ஹைதராபாத் போறேன் மேடம். ஆனா உங்களுக்காகப் போகல, தனக்கோடி மேடத்துக்காகவும் போகல." மாணவி இதில் சம்பந்தப்படவில்லை என்று அவர்களுக்கு ஒரு விளக்கம் எழுதட்டுமா என்று கேட்டேன். இரண்டு கைகளையும் கூப்பினாள். "ஐயோ, இன்னொரு லெட்டரா? வேணாம் மேடம். உங்க கால்ல வேணா விழறேன்."

நான் மன்னிப்புக் கேட்க அங்கே போகவில்லை, கேட்கவும் இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவைக் குப்பை மேட்டுப் பக்கமாக விடச் சொன்னேன். அவள் சொன்ன பட்டை உண்மைதான். ஒன்றுகூட வளரவில்லை.

வகுப்பில் நான் திருத்திய அந்த வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள்தான் நினைவிருக்காது என்று ஊகித்துவிட்டீர்கள்.

ஜோசலின் தனசிங்


முடிச்சூர்
19 ஜூன் 2025

மேடத்துக்கு,

நேற்று ஹைதராபாத்திலிருந்து திரும்பினோம். முடிவு வர இரண்டு வாரம் ஆகும். நடந்ததை அவள் சொன்னபடி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும்.

உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வியே உங்களால் வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த பெண் பேராசிரியர், மேசையில் இருந்த காகிதத்தைத் தொட்டபடி, "இந்தக் கடிதம் உன்னைப் பற்றியதா?" என்று கேட்டிருக்கிறார்.

"என்னைப் பத்திதான் மேடம். ஆனா என்னைக் கேட்டு எழுதல. எழுதினவங்ககிட்ட நான் சண்டை போட்டுட்டேன்."

"அதில் இருப்பது உண்மையா?"

"நான் என்ன சொன்னேன், அவங்க என்ன கேட்டாங்கன்றது எனக்குத் தெரியும். அவங்க என்ன நெனச்சாங்கன்றது எனக்குத் தெரியாது."

அதற்கப்புறம் பாடத்துக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் கேட்டார்: "ஒரே மரபணு கொண்ட பாக்டீரியாக் கூட்டத்துக்கு மருந்து கொடுக்கிறோம். அநேகமாக எல்லாம் செத்துவிடுகின்றன, சில மட்டும் பிழைக்கின்றன. ஏன்?"

"தெரியாது சார்" என்றாளாம். வெளியே உட்கார்ந்திருந்த நான் இதைக் கேட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை. "ஒரு கெஸ் இருக்கு. அந்தச் சிலது தூங்கிட்டு இருக்குமோ? வேலை செய்யறதைத்தானே மருந்து தாக்கும். ஆனா எது தூங்கும், எது தூங்காதுன்னு யார் முடிவு பண்றாங்கன்றது தெரியல. உங்களுக்குத் தெரியுமா சார்?"

கேள்வி கேட்டவரையே திருப்பிக் கேட்டிருக்கிறாள், மேடம். அவர், "முழுசாத் தெரியாதும்மா" என்று சிரித்தாராம். உடனே பக்கத்தில் இருந்தவர், "ஏன் தெரியாது, போன வருஷக் கட்டுரையில்..." என்று ஆரம்பிக்க, அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. இவள் நடுவில் புகுந்து பேசியிருக்கிறாள். எனக்கு வெளியே சத்தம் கேட்டது. என்னவோ பிரச்சினை என்று செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இது நல்லபடியாக முடிந்தாலும் நீங்கள் செய்தது சரியாகிவிடாது. எங்கே விழுவாளோ என்று பதினைந்து நாள் நான் தூங்கவில்லை. ஆனால் அவள் "தெரியாது" என்று நிமிர்ந்து சொன்னது உங்கள் அறையில் கற்றதுதான். அதை நான் கற்பிக்கவில்லை. இந்த வரியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதுகிறேன்.

தனக்கோடி


கிழக்குத் தாம்பரம்
6 ஜூலை 2025

தனக்கோடிக்கு,

இடம் கிடைத்த செய்தி உனக்கு முன்பே வந்திருக்கும். எனக்கு நேற்றுதான் வந்தது, அதுவும் அவள் நேரில் வந்து சொன்னதால். நீ சொல்லவில்லை. உன் ஸ்கூட்டர் இந்தத் தெரு வழியாக இரண்டு தடவை போனது.

இனிப்பெல்லாம் கொண்டு வரவில்லை அவள். உள்ளே வந்து, பல் நாற்காலி இருந்த இடத்தில் நின்றுகொண்டு, "கிடைச்சிடுச்சு மேடம். ஆகஸ்ட்ல சேரணும். அப்பா ரத்த டெஸ்ட் யூனிஃபார்மைத் தங்கச்சிக்கு ஆல்டர் பண்ணிக் குடுக்கறேன்றாரு" என்றாள். தங்கச்சிக்கு எதற்கு அந்த வேலை, அவளையும் கல்லூரியில் சேர்த்து வகுப்புக்கு அனுப்பச் சொல் என்றேன். பேசிப் பார்க்கிறேன் என்றாள். நான் போய்ப் பேச மாட்டேன். கேட்டால் போவேன்.

கேள்வி கேட்டவரைத் திருப்பிக் கேட்டதைப் பற்றி அவளிடம் என் கருத்தைச் சொன்னேன். மதர் ஃபிலோமினா இருந்திருந்தால் அன்று முழுக்க முழங்கால்தான். "அவங்களுக்கு பதில் தெரியுமா மேடம்?" என்று கேட்டாள். பேச்சுக்குப் பேச்சு. எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை.

பெங்களூரிலிருந்து எனக்குப் பதில் வந்திருக்கிறது. இரண்டு வரி. எங்கள் தேர்வுமுறை வெளிப்படையானது, உங்கள் அக்கறைக்கு நன்றி. என்ன திமிர்! ஒரு பெண் தெரியாது என்றதும் கதவைச் சாத்துவார்கள், ஒரு பையன் அடித்துவிட்டால் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள், அதற்குப் பெயர் வெளிப்படை. ஹைதராபாத்தில் இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக பெங்களூர் செய்தது ஒழிந்துவிடாது. அடுத்த வருடம் நம் பிள்ளைகள் நான்கு பேர் அதே கதவைத் தட்டப் போகிறார்கள்.

ஆகவே மறுபடியும் எழுதினேன். ஐந்து பக்கம். அனுப்பவில்லை. நேற்று அவள் வந்தபோது எடுத்துக் காட்டினேன்.

என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள். என் மேசையில், என் பேனாவை. முதல் பக்கத்தில் ஒரு வரியை அடித்தாள். "இது கெஸ்ஸு." இரண்டாம் பக்கத்தில் முழுப் பத்தி. "இதுவும் கெஸ்ஸு மேடம். என் சாதியைப் பாத்தவுடனே முடிவு பண்ணிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா நீங்க அந்த ரூம்ல இருந்தீங்களா?" மே மாதம் நான் அனுப்பிய மூன்று பக்கத்திலும் இதே பத்தி இருந்தது, தனக்கோடி. இவ்வளவு காலம் மற்றவர்கள் ஊகிக்கிறார்கள் என்று மேசையைத் தட்டியவள் நான்.

தோன்றுவதைத் தோன்றுகிறது என்று தனியாக எழுதலாம், நடந்ததை நடந்தது என்று தனியாக எழுதலாம், இரண்டையும் கலக்கக் கூடாது என்றாள். ஐந்து பக்கம் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் அவளிடம் கேட்ட கேள்வியும், அவள் சொன்னதும், சொல்லாமல் விட்டதும், அதே கேள்விக்குப் பத்ரி என்ன செய்தான் என்பதும் இருக்கின்றன. பத்ரியிடம் அவளே போனில் அனுமதி வாங்கிவிட்டாள். அவனும் எழுதித் தருகிறானாம். முடிவில் இரண்டு கோரிக்கைகள். எல்லா மாணவர்களுக்கும் ஒரே அளவு எடுத்துக்கொடுங்கள். தெரியாது என்று சொல்பவரிடம், என்ன தோன்றுகிறது என்றும் கேளுங்கள்.

ஐந்து பக்கத்தைவிட இந்த ஒன்றரைப் பக்கம் அதிகம் சுடுகிறது. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது.

முதல் கையெழுத்து அவளுடையது. போட்டுவிட்டாள். அதற்குக் கீழே உன்னுடையதற்கு இடம் விட்டிருக்கிறாள். என்னுடையது கடைசி. வரிசையை நான் வைக்கவில்லை, அவள்தான் வைத்தாள். நீ போட்ட பிறகுதான் நான் போட முடியும். இல்லாவிட்டால் இப்போதே போட்டு அனுப்பியிருப்பேன், என்னை உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பிள்ளைகளை இங்கே கூட்டி வா. தகரக் கொட்டகையில் ஜூலை வெயிலில் அவர்களை வேகவைக்காதே. முதல் அரை மணி நேரம் பதில் சொல்கிறவரின் நாற்காலியில் நான் உட்காருவேன், அவர்கள் கேட்கட்டும். இது தேவதர்ஷினி போட்ட விதி. ஊருக்குக் கிளம்பும்வரை மேசையைத் தட்டும் வேலை அவளுடையதாம்.

வரும்போது மணியை அடி.

ஜோசலின்